பவளத் தொட்டியில் பாசி பிடித்தால்: திருகோணமலையில் புதிதாகத் தொட்டி வைப்போருக்கு

வீட்டில் பவளம் வளர்க்கக் கடல்நீர்த் தொட்டி வைத்து மூன்றாவது வாரம். காலையில் விளக்கைப் போட்டால் வெள்ளை மணல் முழுக்க யாரோ கோப்பித் தூளைத் தூவிவிட்டது போலக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கே கற்களை எல்லாம் வெளியே எடுத்துப் பிரஷால் தேய்த்தேன். மணலை வாளியில் போட்டு அலசினேன். நகரக் கடற்கரையில், வாய்க்கால் விழும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு கலன் கடல்நீர் மொண்டு வந்து ஊற்றினேன். வற்றிய அளவுக்குக் கிணற்றுத் தண்ணீர். ஒரு வாரத்தில் கோப்பித் தூள் போய்விட்டது, அந்த இடத்தில் பச்சை முடி முளைத்தது. அதோடு எட்டு மாதம் மல்லுக்கட்டினேன்.

அந்தப் பழுப்புத் தூளைத் தொடாமலே விட்டிருந்தால் தானாகப் போயிருக்கும். பச்சை முடிக்கு விருந்து வைத்தது நான் ஊற்றிய தண்ணீர்தான். இது தெரிய எனக்கு எட்டு மாதம் எடுத்தது, உங்களுக்கு அவ்வளவு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்தப் பாசி என்று பாருங்கள்

பாசி என்று ஒரே பேரில் சொன்னாலும் தொட்டிக்குள் வருபவை வேறு வேறு உயிர்கள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு உரமாகிவிடும். எனவே கையை உள்ளே விடுவதற்கு முன் இரண்டு நாள் சும்மா பாருங்கள். பகலில் ஒரு தரம், விளக்கு அணைந்து இரண்டு மணித்தியாலம் கழித்து டோர்ச் அடித்து ஒரு தரம்.

மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூள், விரலால் தடவினால் புகை போலக் கலைகிறது. இது டயட்டம். தண்ணீரிலும் புது மணலிலும் இருக்கும் சிலிக்கேட்டைத் தின்று வளரும். புதுத் தொட்டியில் முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குள் வரும், சிலிக்கேட் தீர்ந்ததும் போய்விடும். கண்ணாடியை மட்டும் துடையுங்கள். ஆறு மாதம் கழித்தும் திரும்பத் திரும்ப வந்தால் ஊற்றும் தண்ணீரில்தான் சிலிக்கேட் இருக்கிறது.

கருஞ்சிவப்பில் துணி விரித்தது போல ஒரு படலம், கிள்ளினால் தோலாக உரிகிறது, மூக்கருகே பிடித்தால் சேற்று நாற்றம். இது சயனோ. பார்க்கப் பாசி போல இருந்தாலும் இது பக்டீரியா. நீரோட்டம் படாத மூலையில், அழுக்குத் தேங்கும் இடத்தில் தொடங்கும்.

பழுப்பு நிறத்தில் மூக்குச் சளி போல இழுபடும், நுனியில் காற்றுக் குமிழி கோத்திருக்கும், இரவில் பாதிக்கு மேல் காணாமல் போய் மறுநாள் மத்தியானம் திரும்பி வந்துவிடும் என்றால் அது டைனோ. நத்தைகள் காரணமில்லாமல் சாகத் தொடங்கினாலும் இதைச் சந்தேகியுங்கள், சில வகைகளுக்கு நஞ்சு உண்டு. இதற்கு வழி தனி, பின்னால் சொல்கிறேன். இதைச் சயனோ என்று நினைத்து வைத்தியம் பார்த்துத்தான் பலர் தொட்டியையே கலைத்துவிடுகிறார்கள்.

பச்சை முடி உங்களுக்கே தெரியும். அதில் ஒன்றைப் பிய்த்து வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்க விடுங்கள். வெறும் நூலாக இருந்தால் சாதாரண முடிப்பாசி. நடுவில் காம்பு, இரு பக்கமும் சீப்புப் பல் போலக் கிளை, குட்டிப் பன்னம் மாதிரி இருந்தால் பிரயோப்சிஸ். இது பிடிவாதக்காரன், பட்டினி போட்டால் மட்டும் சாகாது.

பளபளக்கும் பச்சைக் குண்டுமணிகள் குமிழ்ப் பாசி. உள்ளே வைத்து உடைக்க வேண்டாம். கல்லோடு வெளியே எடுத்து, அடியில் நகத்தையோ கத்தி நுனியையோ கொடுத்து முழுசாகக் கிளப்புங்கள்.

கல்லில் ஊதாவும் ரோசாவுமாகச் சாந்து பூசியது போலப் படர்வது கோரலைன். அதுவும் பாசிதான், ஆனால் நம் பக்கத்து ஆள். அது பிடித்த இடத்தில் முடிப்பாசி லேசில் முளைக்காது. என் மச்சாள் ஒருநாள் எனக்கு உதவி செய்வதாக நினைத்து, அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சந்தோஷமாகக் காட்டினாள். நானும் சந்தோஷப்பட்டது போல இருந்துவிட்டேன்.

சாப்பாடு எந்த வழியால் வருகிறது

பாசிக்கு வேண்டியது வெளிச்சம், நைட்ரேட், பொஸ்பேட். தொட்டிக்குள் இவை வரும் வாசல்கள் ஐந்தாறுதான். திருகோணமலையில் பெரிய வாசல் தண்ணீர். கடல் முற்றத்தில் இருக்கிறது, கிணறு கொல்லையில் இருக்கிறது, இதில் என்ன யோசனை என்று நாம் நினைப்பதுதான் வினை.

முதலில் வற்றும் தண்ணீர். தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், மேலே மின்விசிறியும் ஓடினால், என் 200 லீற்றர்த் தொட்டியில் நாளுக்கு நான்கு லீற்றர் வற்றும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்; உப்பும் மற்றதும் உள்ளேயே நிற்கும். எனவே நிரப்புவது நன்னீராக, அதில் வேறொன்றும் இல்லாததாக இருக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிணற்று நீரில் லீற்றருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கிறது என்று வையுங்கள். மாதம் 120 லீற்றர் ஊற்றினால் 2400 மில்லிகிராம். அதை 200 லீற்றரால் பிரித்தால், மீனுக்கு ஒரு பருக்கை போடாமலே மாதத்துக்கு லீற்றருக்கு 12 மில்லிகிராம் ஏறுகிறது. நம் கரையோரம் மணல் நிலம். பக்கத்தில் பசளை போடும் வெங்காயத் தோட்டமோ, மலசலகூடக் குழியோ இருந்தால் மேலே விழுவது கீழே இறங்க அதிக நாள் ஆகாது. தண்ணீர் கண்ணுக்குக் கண்ணாடி போல இருக்கும், சுவையும் நன்றாக இருக்கும். அதை நம்பாதீர்கள்.

பைப் தண்ணீர் கந்தளாய்க் குளத்தில் இருந்து சுத்திகரித்து வருவது. குடிக்க நல்லது. ஆனால் அதில் குளோரின் உண்டு, குளத்து நீருக்கே உரிய சிலிக்கேட்டும் மற்றக் கரைசல்களும் உண்டு. ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமே என்று எல்லோருக்கும் ஒரு நாள் யோசனை வரும். வேண்டாம். அது செம்புச் சுருளின் மேல் வழிந்து வருகிறது, செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. ஓட்டுக் கூரையால் வழியும் மழைநீரில் காகத்தின் எச்சமும் சேர்ந்து வரும்.

மிஞ்சுவது ஆர்.ஓ தண்ணீர், அதாவது நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டிய தண்ணீர். அதற்குப் பின்னால் மிச்சக் கரைசலைப் பிடிக்கும் டி.ஐ பிசின் குழாய் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. கடையில் நிரப்பித் தரும் ஆர்.ஓ தண்ணீர் வாங்குவதானால் தண்ணீரில் கரைந்திருப்பதன் அளவைக் காட்டும் டி.டி.எஸ் மீற்றர் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சைபர் வந்தால் சிறப்பு. பத்துக்குள் என்றால் ஓரளவு சமாளிக்கலாம். ஐம்பது அறுபது காட்டினால் அவர்களின் வடிகட்டி களைத்துவிட்டது, வேறு கடை பாருங்கள். தொடங்கும்போது வாங்கும் சாமான்களில் விலையுயர்ந்த விளக்கைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலில் இதற்குக் காசு வையுங்கள் என்பேன்.

அடுத்து கடல்நீர். உப்புக் கலந்து செய்யும் தண்ணீரே பாதுகாப்பு; ஆனால் உப்பு வாளியின் விலையைக் கேட்டால் கடலைத்தான் பார்க்கத் தோன்றும், அதில் தப்பில்லை. எங்கே, எப்போது என்பதுதான் விஷயம். உட்துறைமுகத்து நீரும், வாய்க்கால் விழும் நகரக் கரை நீரும் வேண்டாம். கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிறது, அங்கேயும் வேண்டாம். நிலாவெளிப் பக்கம் யாராவது வள்ளத்தில் போகிறவரிடம் கலனைக் கொடுத்து, கரையை விட்டு நன்றாகத் தள்ளி, நீலம் தெரியும் இடத்தில் மொண்டு வரச் சொல்லுங்கள். எண்ணெய் வாடை இல்லாத கலனாகக் கொடுங்கள். வாடைக் காற்று தொடங்கி மழை பிடித்துவிட்டால், ஐப்பசியில் இருந்து மாசி வரைக்கும் எங்கேயும் எடுக்க வேண்டாம். ஆற்று வெள்ளம் வயல்களைக் கழுவிக்கொண்டு கடலுக்கு வரும் காலம் அது; உப்பும் குறைந்திருக்கும், பசளையும் கூடியிருக்கும். கொண்டு வந்த நீரை வெளிச்சம் புகாத பரலில் மூடி ஒன்றிரண்டு வாரம் வைத்து, அடியில் தங்கியதைக் கலக்காமல் மேல் நீரை நெருக்கமான துணியில் வடித்து எடுங்கள். உப்பு அடர்த்தி 1.025 வருகிறதா, நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் எவ்வளவு என்று பார்த்த பிறகே தொட்டிக்கு.

கல்லும் மணலும் இன்னொரு வாசல். கடற்கரையில் ஒதுங்கிய முருகைக்கல், அதாவது செத்த பவளம், அழகாக இருக்கும், இலவசம் போலவும் தெரியும். உயிருள்ள கடினப் பவளத்தைக் கடலில் இருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவு 2003 இல் தேசியப் பூங்கா ஆனது, அங்கே செத்த துண்டைக் கூட எடுத்து வரக்கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, காய்ந்து கிடக்கும் முருகைக்கல் பொஸ்பேட்டைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்திருக்கும். தொட்டிக்குள் போட்டால் மாதக்கணக்கில் கசியும். தண்ணீரைச் சோதித்தால் குறைவாகக் காட்டும், ஆனால் கல்லில் மட்டும் முடி செழிக்கும். கடையில் வாங்கிய காய்ந்த கல்லானாலும் மூடிய வாளியில் உப்பு நீர் விட்டு, இருட்டில், பம்ப் ஓடவிட்டு ஒரு மாதம் ஊறவையுங்கள். இடையில் பொஸ்பேட் பார்த்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். மணலுக்கும் இங்கே ஒரு தனிப் பிரச்சினை உண்டு. புல்மோட்டைக் கனிய மணலின் கறுப்புத் துகள்கள் வடக்குக் கரையோரம் கலந்து கிடக்கும். அதில் காந்தத்தில் ஒட்டும் துகள்களும் உண்டு. கண்ணாடி துடைக்கும் காந்தத் துடைப்பானில் ஒரு துகள் ஏறினால் போதும், கண்ணாடியில் நிரந்தரமாகக் கோடு விழும். சுண்ணாம்பு மணலை வாங்கியே போடுங்கள்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: உறைந்த இறாலை அப்படியே போடாமல் ஒரு கிண்ணத்தில் கரைய விட்டு, அந்தச் சாற்றை ஊற்றிவிட்டு, வலைக்கரண்டியில் அலசிப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். வீட்டில் எத்தனை பேர் மீனுக்குத் தீனி போடுகிறார்கள் என்று ஒரு தரம் விசாரியுங்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர் போட்டுக்கொண்டிருந்தோம், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

வெளிச்சம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், டைமர் வைத்து. சன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி வேண்டாம். விளக்கு மூன்று நான்கு வருடப் பழசென்றால் அதன் நிறமும் மாறியிருக்கும், அதையும் கவனியுங்கள்.

சோதனைக் குழாய் சொல்வதும் சொல்லாததும்

நைட்ரேட், பொஸ்பேட் இரண்டுக்கும் சோதனைப் பெட்டி வேண்டும். லீற்றருக்கு நைட்ரேட் 5 முதல் 10 மில்லிகிராம் வரை, பொஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருந்தால் பவளத்துக்குப் போதும், பாசிக்கும் கொண்டாட்டம் இல்லை. ஆனால் தொட்டி முழுக்கப் புல்வெளி போல முடி இருக்கும்போது சோதித்தால் இரண்டும் சைபர் காட்டலாம். தண்ணீர் சுத்தம் என்று அர்த்தம் இல்லை. வருவதை எல்லாம் பாசி அப்போதைக்கப்போது தின்றுவிடுகிறது. முடியைப் பிடுங்கி எடுத்து நான்கு நாள் கழித்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

பொஸ்பேட் கூடவென்றால் இரும்பு ஒக்சைட் மணிகளைச் சிறு பையில் போட்டு வைக்கலாம். பெட்டியில் எழுதியதில் கால்வாசியில் இருந்து தொடங்குங்கள். ஒரே நாளில் 0.5 இல் இருந்து 0.05 க்கு இறக்கினால் பவளம் வெளுத்துவிடும்.

இனி கை வைக்கலாம்

வாசல்களை அடைத்துவிட்டீர்கள் என்றால் இந்த வேலை பலன் தரும். அடைக்காமல் செய்தால் வாழை வெட்டின கதைதான், பக்கத்தில் கன்று நிற்கும்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நீளக் கையுறை போடுங்கள். கையுறை கட்டாயம். பொத்தான் போல விரியும் ஸோவாந்திட் பவளங்கள் சிலவற்றில் பலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கைக் காயத்திலோ கண்ணிலோ பட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதே காரணத்துக்காக, பாசி பிடித்த கல்லைச் சுத்தம் செய்ய ஒருபோதும் அடுப்பில் வைத்து அவிக்காதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டோடு விழுந்தவர்கள் உலகில் பல இடங்களில் இருக்கிறார்கள்.

நீளமான முடியைத் தொட்டிக்குள்ளேயே கையால் பிடுங்கலாம். ஒரு கையால் பிடுங்கும்போது மற்றக் கையில் ஹோஸை வாயருகே பிடித்தால் உதிரும் துண்டுகள் வாளிக்குப் போய்விடும். எடுக்க முடிந்த கல்லை, தொட்டியில் இருந்து எடுத்த உப்பு நீர் வாளியில் வைத்துத் தேயுங்கள். பைப் தண்ணீரில் தேய்த்தால் கல்லில் வாழும் நல்ல பக்டீரியாவும் போய்விடும். வேர் கழன்று வராத இடங்களில் பாமசியில் கிடைக்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைத் துளித்துளியாக விட்டு, இரண்டு மூன்று நிமிடம் நுரைக்க வைத்து, வேறு உப்பு நீரில் அலசித் திரும்ப வையுங்கள். பவளத்தின் சதையில் பட விடாதீர்கள். ஒரு நாளில் கால்வாசிக் கற்கள் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தவன் என்ன பட்டான் என்று மேலே படித்தீர்கள்.

சயனோவைப் பிடுங்க முடியாது, ஹோஸால் உறிஞ்ச வேண்டும். அதோடு தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட்டைத் திருப்பி அந்த மூலைக்கு ஓட்டம் கொடுங்கள். 200 லீற்றருக்கு மணித்தியாலத்துக்கு 4000 லீற்றராவது சுழல வேண்டும். அப்படியும் வந்தால் மூன்று நாள் விளக்கை அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடுங்கள். அந்த மூன்று நாளும் காற்றுப் பம்ப் ஓட வேண்டும். சாகும் படலம் ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும், நம் சூட்டில் 29 பாகையில் தண்ணீரில் ஒட்சிசன் ஏற்கனவே குறைவு. அன்டிபயோட்டிக் கரைத்து ஊற்றுவோர் உண்டு. சயனோ சாகும், உண்மை. ஆனால் அழுக்கு அப்படியே இருக்கும், இரண்டு மாதத்தில் திரும்ப வரும். நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

பிரயோப்சிஸ் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் புளுகொனசோல் என்ற பூஞ்சை மருந்து. லீற்றருக்கு 5 மில்லிகிராம் அளவில் கரைத்து, வடிகட்டியில் போட்டிருக்கும் கரியை எடுத்துவிட்டு, அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரை நிறுத்தி, காற்றுப் பம்பை ஓடவிட்டு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். கல்லும் மணலும் பிடித்த இடத்தைக் கழித்து உண்மையான நீரளவுக்குக் கணக்குப் போடுங்கள். அது மருந்துச் சீட்டுக்குத் தரும் மருந்து என்பதையும் நினைவில் வையுங்கள்.

டைனோவுக்கு எல்லாம் தலைகீழ்

மேலே சொன்ன பட்டினி வைத்தியம் அளவு மீறும்போது வருவதுதான் டைனோ. நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் சைபருக்கு இறங்கி, மற்ற உயிர்களெல்லாம் பட்டினியில் ஒதுங்க, வெறுமையான இடத்தை இது பிடித்துக்கொள்ளும். எனவே தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். இரும்பு ஒக்சைட்டை வெளியே எடுங்கள். மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, மேலே சொன்ன அளவுகளுக்கு இரண்டையும் ஏற்றுங்கள். இரவில் தண்ணீரில் மிதக்கும் வகையானால் யு.வி விளக்கு வைத்த குழாயில் தண்ணீரைச் சுழலவிட்டால் நன்றாகக் குறையும். மணலோடு மணலாகக் கிடக்கும் வகைக்கு யு.வி அவ்வளவு உதவாது. நஞ்சைப் பிடிக்கப் புதுக் கரி போடுங்கள். பொறுமை ஆறு வாரத்துக்காவது வேண்டும்.

மேயும் கூட்டம்

புறாமலையில் முகமூடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் வைத்தவர்களுக்குக் கிளிமீன் கல்லைக் கொறிக்கும் சத்தம் தெரியும். கடலிலும் பாசி முளைத்துக்கொண்டேதான் இருக்கிறது, மேய்ந்துகொண்டே இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. தொட்டிக்கும் மேய்ப்பவர்கள் வேண்டும். 200 லீற்றருக்கு ட்ரோக்கஸ் வகைக் கூம்பு நத்தை ஆறு ஏழு, சின்னத் துறவி நண்டு நான்கைந்து. இருப்பதைத் தின்று முடித்ததும் பட்டினியில் சாகும் அளவுக்கு அள்ளிப் போடாதீர்கள், செத்த நத்தை ஒன்று ஒரு வாரத் தீனிக்குச் சமம். கல்லில் குந்தியிருந்து பாசியைச் சுரண்டும் சலாரியஸ் என்ற சிறு மீன் நல்ல வேலைக்காரன். ஒரா மீன் முடிப்பாசியை மாடு போல மேயும். ஆனால் வளர்ந்தால் உங்கள் தொட்டி அதற்குக் குளியலறை அளவுதான், முள் குத்தினால் கடுகடுப்பும் பொல்லாதது. சிறிய தொட்டிக்கு வேண்டாம்.

கீழ்த்தொட்டி வைக்க இடமிருந்தால் சேட்டோ என்ற நூற்கண்டுப் பாசியை அதில் வளருங்கள். மேலே விளக்கு அணைந்திருக்கும் இரவில் கீழே எரியட்டும். பாசியின் சாப்பாட்டை இன்னொரு பாசிக்குக் கொடுத்து, வளர வளரக் கிள்ளி எறிவது. கோலெர்ப்பா என்ற பாசியை மட்டும் இந்த வேலைக்கு வைக்காதீர்கள், ஒரு நாள் திடீரென்று உடைந்து கரைந்து தின்றதையெல்லாம் திரும்பக் கொட்டிவிடும்.

கரண்டும் காலமும்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது என் தொட்டியில் கல்லுக்குப் பின்னால் என்னென்ன செத்ததோ தெரியாது. இரண்டு வாரத்தில் சயனோ விரித்துப் படுத்தது. அதற்குப் பிறகு பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

வாரம் ஒரு தரம் பத்து வீதம் தண்ணீர் மாற்றுங்கள், வடிகட்டித் துணியை மூன்று நாளுக்கொரு தரம் கழுவுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். செய்ததைக் கலண்டரில் குறித்துவிட்டு இரண்டு வாரம் விடுங்கள். கடல்நீரை நம்பியிருப்பவர்கள் புரட்டாசி முடிவதற்குள், கடல் இன்னும் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும்போதே, பரல்களை நிரப்பிவிட வேண்டும். 200 லீற்றர்த் தொட்டிக்கு வாரம் 20 லீற்றர், ஐந்து மாதத்துக்கு 400 லீற்றருக்கு மேல். வீட்டில் இடம் இல்லையென்றால் அந்த மாதங்களுக்கு ஒரு வாளி உப்பு வாங்குங்கள். பரல் மூடியில் நிரப்பிய தேதியையும் அன்று பார்த்த நைட்ரேட்டையும் எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மார்கழியில் எது கடல்நீர், எது ஆர்.ஓ தண்ணீர் என்று நாக்கில் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.